ஈறு நோய்க்குக் கத்தியா, கதிரா?

பல் போனால் சொல் போச்சு என்பது முன்னோர் மொழி. பல் போவதற்கு முன்னரே ஈறு போய்விடுகிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பாருங்கள். காலையில் பல் துலக்கும்போது வாய் கொப்பளித்த நீரில் இரத்தம் தெரிகிறது. அது நான்கைந்து ஆண்டுகளாகவே தெரிந்து வருவதுதான். வலி இல்லாததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போதோ முறுக்கைக் கடித்தால் கீழ்ப்பல் இரண்டு ஆடுகின்றன. பேசும்போது வாயில் நாற்றம் வீசுவதாகப் பேரப்பிள்ளை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. பல் மருத்துவரிடம் போகிறார். "ஈற்றைக் கீறித் திறந்து, உள்ளே சுத்தம் செய்து, தையல் போட வேண்டும்" என்கிறார் அவர். வேறொரு மருத்துவமனையின் விளம்பரமோ, "கத்தி இல்லை, தையல் இல்லை, லேசர் கதிர் ஒன்றே போதும்" என்கிறது. ஆனால் கட்டணம் பன்மடங்கு.

அன்றிரவு வீட்டில் விவாதம் எழுகிறது. "என் வளையலை அடகு வைத்தாவது லேசரே செய்துகொள்ளுங்கள், வாயில் கத்தி வைப்பதை நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது" என்கிறார் மனைவி. "விளம்பரத்தை நம்பிப் பணத்தைத் தொலைக்க வேண்டாம், அப்பா" என்கிறான் மகன். தந்தையோ, "இரண்டும் வேண்டாம், விழுகிற பல் விழட்டும்" என்று எழுந்து போய்விடுகிறார்.

இம்மூவருள் யார் சொல்வது சரி? விடை காண வேண்டுமாயின், முதலில் நோயின் தன்மையையும், பின்னர் இரு முறைகளின் தன்மையையும் பொறுமையுடன் ஆராய்தல் வேண்டும்.

வலியின்றி வளரும் நோய்

பல்லைத் தாடையில் நிறுத்தி வைப்பவை நான்கு: ஈறு, தாடை எலும்பு, வேரின் மேற்பூச்சு, அந்தப் பூச்சையும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய நார்கள். வீட்டுச் சுவர், கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தின் மேல் நிற்பது போலவே பல்லும் நிற்கிறது.

நாம் உண்டு முடித்த சில மணி நேரத்திற்குள் பல்லின் மேல் கிருமிகள் கூடி ஒட்டும் தன்மையுள்ள ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. அதை அன்றாடம் துடைத்தெடுத்தால் தீங்கில்லை. விட்டுவிட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதனோடு சேர்ந்து, அது கல்லைப் போல் இறுகிவிடுகிறது. இதுவே பற்காரை. காரையின் சொரசொரப்பான மேற்பரப்பு மேலும் கிருமிகளுக்கு இருப்பிடமாகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் இரத்தம் கசிகிறது. இந்நிலையில் நோய் முழுவதும் குணமாகக் கூடியதே.

இதையும் அலட்சியம் செய்தால், சிலருக்கு ஈறு பல்லை விட்டு விலகி, இடையில் ஒரு பள்ளம் உண்டாகிறது. கிருமிகள் அதற்குள் இறங்குகின்றன. அவற்றை எதிர்த்துப் போராடும் நம் உடலின் படையே, போரின் வேகத்தில் சொந்த எலும்பையும் நாரையும் அழித்துவிடுகிறது. எலும்பு கரையக் கரையப் பல் ஆடத் தொடங்குகிறது. இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றி நடைபெறுவதுதான் இந்நோயின் கொடுமை. புகை பிடிப்போருக்கு இரத்தக் கசிவுகூடக் குறைவாகவே காணப்படுமாதலால், அந்த ஒரே எச்சரிக்கையும் அவர்களுக்குக் கிட்டுவதில்லை.

முற்றிய ஈறு நோய் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பீடித்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிவித்தது. நீரிழிவுக்கும் இதற்கும் உள்ள உறவு இரு வழிப்பட்டது. நீரிழிவு ஈறு நோயை வளர்க்கிறது. ஈறு நோய் இரத்தச் சர்க்கரையை அடங்கவிடாமல் செய்கிறது. ஈற்றுக்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளின் மூன்று மாதச் சர்க்கரை அளவு சுமார் 0.4 விழுக்காடு குறைவதை, பல ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய அறிஞர்கள் கண்டுள்ளனர்.

முதற்படியைத் தாண்டக் கூடாது

பள்ளத்தின் ஆழத்தை மருத்துவர் மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பி ஒன்றால் அளக்கிறார். 3 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. 4க்கு மேற்பட்டால் நோய் உண்டென்று ஐயுறலாம். 6க்கு மேற்பட்டால் நிலைமை கவனத்திற்குரியது.

எத்தனை ஆழமாயினும் முதலில் செய்யத்தக்கது அறுவை அன்று. ஈற்றுக்கு மேலும் கீழும் உள்ள காரையைக் கைக்கருவியாலோ, அதிர்வுக் கருவியாலோ நீக்கி, வேரின் பரப்பைத் தூய்மையாக்குவதே முதற்படி. இதனுடன், வீட்டில் பல்லைப் பேணும் முறையையும் நோயாளிக்குக் கற்பிக்க வேண்டும். பின்னர் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பொறுத்திருந்து மீண்டும் அளக்க வேண்டும். பெரும்பாலான பள்ளங்கள் இதற்குள்ளாகவே சுருங்கிவிடும். 4, 5 மில்லிமீட்டர் அளவில் எஞ்சி நிற்பவற்றுக்கு அதே தூய்மைப் பணியை மீண்டும் செய்யலாம். 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் எஞ்சி நிற்கும் இடங்களுக்கே அறுவையைக் கருதலாம் என்பது ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின் கருத்து.

ஆகவே, முதல் நாளிலேயே, அளந்தும் பாராமல், "கத்தியா, லேசரா?" என்று கேட்கும் இடத்தில் சற்று நிதானிப்பது நல்லது.

கத்தியின் வழி

ஈற்றைத் திறந்து செய்யும் அறுவை நூறாண்டு அனுபவம் உடையது. சுவீடன் நாட்டு மருத்துவர் லியோனார்ட் விட்மன் 1918இல் இம்முறையை விளக்கி எழுதினார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராம்ஃபியோர்டும் நிஸ்ஸிலும் 1974இல் அதைத் திருத்தி, ஈற்றையும் எலும்பையும் இயன்ற அளவு காக்கும் முறையாக வகுத்தனர்.

இது நடைபெறும் விதம் எளிதில் விளங்கக் கூடியதே. ஊசி போட்டு அவ்விடத்தை மரத்துப் போகச் செய்கிறார்கள். பல்லை ஒட்டி ஈற்றைக் கீறி, புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போல் மெல்ல விலக்குகிறார்கள். மறைந்திருந்த வேரும் எலும்பும் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. அழுகிய தசையை நீக்கி, காரையைச் சுரண்டி, தேவையானால் எலும்பைச் செப்பனிட்டு, ஈற்றை மீண்டும் பல்லோடு பொருத்தித் தைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்திற்குள் தையல் பிரிக்கப்படும்.

இதன் பெருஞ்சிறப்பு, மருத்துவர் தாம் செய்வதைத் தம் கண்ணாலேயே காண்பது. ஆழமான பள்ளங்களிலும், கிளை பிரிந்த கடைவாய்ப் பல்வேர்களின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் காரையைக் காணாமல் முற்றிலும் அகற்றுவது மிகக் கடினம். மேலும், இழந்த எலும்பை ஓரளவு மீண்டும் வளரச் செய்யும் வழியும் இதனோடு இணைந்தே பிறந்தது. 1982இல் சுவீடன் நாட்டு நைமன், லிண்டே முதலியோர், ஈற்றுக்கும் வேருக்கும் இடையே ஒரு மெல்லிய தடுப்புத் திரையை வைத்து, வேரில் புதிய நார்ப்பிணைப்பு உண்டாவதை மனிதரிடத்தில் முதன்முறையாகக் காட்டினர். இன்று பள்ளத்தின் வடிவத்துக்கேற்ப எலும்புத் துகளும் இவ்வாறே இடப்படுகிறது.

குறைகளும் உண்டு. சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். ஆறிய பின் ஈறு சற்றே கீழிறங்கி, பல் நீண்டது போல் தோன்றும். வேர் வெளிப்படுவதால் குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் உண்டாகலாம். பள்ளம் ஆழமில்லாத இடத்தில் இவ்வறுவையைச் செய்தால், பயனுக்கு மாறாக, இருக்கும் பிணைப்பிலும் சிறிது இழக்க நேரிடும்.

கதிரின் வழி

ஒளியைத் தூண்டிப் பெருக்க இயலும் என்ற கருத்தை ஐன்ஸ்டீன் 1917இல் கணக்கு வழியாக நிறுவினார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தியோடர் மைமன் 1960 மே 16 அன்று ஒரு செயற்கை மாணிக்கக் கோலிலிருந்து முதல் லேசர் கதிரை எழுப்பினார். மருத்துவத்திற்குப் பெரிதும் பயன்பட்ட கரியமில வாயு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர், மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அதே ஆண்டில், அதே ஆய்வுக்கூடத்தில், நியோடிமியம் யாக் என்னும் படிக லேசரும் பிறந்தது. ஈறு சிகிச்சையில் அதிகம் பேசப்படுவது இதுவே.

கலிபோர்னியாவைச் சார்ந்த ராபர்ட் கிரெக், டெல்வின் மக்கார்த்தி என்னும் பல் மருத்துவர் இருவர், நியோடிமியம் யாக் லேசரைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கினர். லானாப் என்று அது சுருக்கமாக வழங்குகிறது. இதிலும் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்வது உண்டு. மயிரிழை போன்ற கண்ணாடி இழையை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கி, நோயுற்ற உட்தோலைக் கதிரால் நீக்குகிறார்கள். இந்தக் கதிர் கருநிறத்தையும் இரத்தத்தின் செந்நிறத்தையும் நாடிச் செல்வதாதலால், வீங்கிச் சிவந்த திசுவிலும் கருநிறக் கிருமிகளிலும் அதிகம் படிகிறது. பின்னர், அதிர்வுக் கருவியால் காரையை அகற்றுகிறார்கள். மீண்டும் கதிரைச் செலுத்தி இரத்தத்தை உறையச் செய்கிறார்கள். அந்த உறைவே பள்ளத்தின் வாயை மூடும் முத்திரை போலாகிறது. ஈற்றைப் பல்லோடு அழுத்திவிடுகிறார்கள். கீறலும் தையலும் இல்லை. மேலும் கீழும் பற்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களைச் சீர்செய்து, ஆடும் பல்லை அடுத்த பல்லோடு பிணைப்பதும் இம்முறையின் பகுதிகளே.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். காரையை நீக்கியது கதிரன்று. வழக்கமான அதிர்வுக் கருவிதான். எந்த முறையிலும் காரை போயாக வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இல்லை.

கதிரின் நன்மைகள் மறுக்கத்தக்கவை அல்ல. இரத்தப் போக்கு குறைவு, வீக்கம் குறைவு, ஈறு இறங்குவதும் பொதுவாகக் குறைவு. அச்சத்தால் சிகிச்சையையே தவிர்க்கும் ஒருவர் கதிருக்கு இசைவாரானால், அதுவும் ஒரு நன்மையே. ஆயினும் கைதேராதவர் கையில் கதிரும் தீங்கு செய்யும். சூடு மிகுந்தால் வேரும் எலும்பும் வெந்து கெடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்தாதலால், மருத்துவர், உதவியாளர், நோயாளி மூவரும் அதற்குரிய கண்ணாடி அணிதல் கட்டாயம்.

லேசர் என்பது ஒரு கருவியின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நியோடிமியம் யாக், எர்பியம், கரியமில வாயு, டயோடு என வகைகள் பல. ஒவ்வொன்றும் திசுவில் செயற்படும் விதம் வேறு. ஒரு வகையில் கிடைத்த ஆய்வு முடிவை மற்றொரு வகையின் விளம்பரத்தில் எழுதுவது நேர்மையாகாது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

லானாப் முறைக்கு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் அனுமதி அளித்தது. இழந்த பிணைப்பை மீண்டும் உண்டாக்கும் என்று கூறிக்கொள்ள 2016இல் இசைவு தந்தது. ஆனால் இவ்வகை அனுமதி, ஏற்கெனவே சந்தையிலுள்ள கருவிகளுக்கு ஒப்பானது என்பதை ஏற்கும் அனுமதியே. கத்தியைவிடச் சிறந்தது என்ற தீர்ப்பாக அதைக் கொள்ளலாகாது.

2007இல் வெளியான ஓர் ஆய்வில், அகற்றப்பட இருந்த ஆறு இணைப் பற்களுக்குச் சிகிச்சை அளித்து, மூன்று மாதம் கழித்து எடுத்து நுண்ணோக்கியில் சோதித்தனர். லேசர் பெற்ற ஆறிலும் புதிய வேர்ப்பூச்சும் நார்ப்பிணைப்பும் காணப்பட்டன. லேசர் இன்றிச் சுத்தம் மட்டும் செய்த ஆறில் ஐந்தில் அவை காணப்படவில்லை. இது வியக்கத்தக்க முடிவே. எனினும் ஒப்பிடப்பட்டது வெறும் சுத்தம் செய்தலோடுதான். ஈற்றைத் திறந்து செய்யும் அறுவையோடு அன்று. 2012இல் மற்றொரு குழு பத்துப் பற்களைச் சோதித்தபோது, ஐந்தில் எலும்பு, நார், பூச்சு ஆகிய மூன்றும் ஓரளவு புதிதாக வளர்ந்திருந்தன. நான்கில் அத்தகைய வளர்ச்சி இல்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் பத்துப் பற்களைக் கொண்டு உலகுக்கே தீர்ப்பெழுத முடியாதன்றோ?

அமெரிக்க ஈறு மருத்துவக் கழகம் 2018இல் வல்லுநர்களைக் கூட்டி, கிடைத்த சான்றுகள் அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்தது. வழக்கமான சுத்தத்தோடு லேசரைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் நன்மை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே என்றும், லேசர் மட்டும் தனித்து வழக்கமான சிகிச்சைக்குச் சமமானது அல்லது மேலானது என்று கூறப் போதிய சான்றில்லை என்றும் அவர்கள் முடிவு செய்தனர். ஐரோப்பிய வழிகாட்டியோ, முதற்படிச் சுத்தத்தோடு லேசரைச் சேர்க்க வேண்டாம் என்றே ஆலோசனை கூறியது.

சுருங்கச் சொன்னால், கதிர் என்பது பொய்யன்று, அற்புதமும் அன்று. கத்திக்கு நீண்ட சான்று உண்டு. கதிருக்கு எளிய ஆறுதல் உண்டு.

சுவீடன் கற்பித்த பாடம்

இவ்விரண்டையும்விடப் பெரிய ஓர் உண்மையை சுவீடன் நாட்டு அறிஞர்கள் 1977ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். ஐந்து வெவ்வேறு அறுவை முறைகளை ஐந்து குழுவினருக்குச் செய்தார்கள். அறுவைக்குப் பின் அவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே அழைத்துச் சுத்தம் செய்தார்கள். பற்படலம் சேர்வது தடுக்கப்படவில்லை. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது ஐந்து முறைகளும் ஒருங்கே தோற்றிருந்தன, நோய் திரும்பியிருந்தது. இதற்கு முன் 1975இல் அதே அறிஞர்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை தவறாது சுத்தம் செய்துவந்த நோயாளிகளின் ஈறுகளோ நலமாக நின்றன.

அந்நாட்டின் கார்ல்ஸ்டாட் நகரில் 1970களின் தொடக்கத்தில் தொடங்கிய மற்றோர் ஆய்வு முப்பது ஆண்டுகள் நீடித்தது. வீட்டில் பல் பேணக் கற்று, முறை தவறாமல் மருத்துவரிடம் வந்துபோனவர்கள் அந்த முப்பது ஆண்டுகளில் சராசரியாக இரண்டு பற்களைக்கூட இழக்கவில்லை. கத்தியை வென்றது கதிரன்று. இரண்டையும் வென்றது அன்றாட பிரஷ்.

இதனாலேயே, தம் பல்லைத் தாமே செவ்வனே பேணாத நோயாளிக்கு ஈறு அறுவை செய்ய வேண்டாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி வெளிப்படையாகக் கூறுகிறது. புகையிலையைக் கைவிடாதவரின் ஈறு எந்த முறையிலும் நன்றாக ஆறுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் அதை வரவேற்பார். அடக்கத்தோடு கேட்கத்தக்க ஆறு கேள்விகளை இங்கே தருகிறோம்:

1. ஒவ்வொரு பல்லிலும் பள்ளத்தின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? அந்தக் குறிப்பை எனக்கு எழுதித் தருவீர்களா?

2. முதற்படிச் சுத்தம் முடிந்து, மீண்டும் அளந்து பார்த்தாயிற்றா?

3. அறுவை எல்லாப் பற்களுக்கும் வேண்டுமா, சில பற்களுக்கு மட்டுமா?

4. லேசர் எனில் எந்த வகை? அதில் தாங்கள் பெற்ற பயிற்சி யாது?

5. என் எலும்பின் குறைக்கு, ஈற்றைத் திறந்து எலும்புத் துகள் இடுவது மேலா, கதிர் மேலா?

6. சிகிச்சைக்குப் பின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நான் வர வேண்டும்? அதற்கு ஆகும் செலவு யாது?

நீரிழிவு, இதய நோய், எலும்பு வலுவுக்கான மருந்து, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது பேராபத்து. அதைத் தந்த மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்திற்கு விடை

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட வீட்டுக்குத் திரும்புவோம். மனைவியின் அச்சம் இயற்கையானது. ஆனால் வளையலை அடகு வைக்கும் அவசரம் இப்போது இல்லை. முதற்படிச் சுத்தமே இன்னும் செய்யப்படவில்லை. மகனின் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் லேசர் முழுவதும் ஏமாற்று என்று அவன் கருதினால் அது பிழை. இவர்கள் இருவரும் பாதி சரி, பாதி தவறு. முழுவதும் தவறியவர் தந்தை ஒருவரே. விழுகிற பல் விழட்டும் என்றிருப்பவருக்கு இரண்டு பல்லோடு நோய் நிற்பதில்லை. நாளடைவில் மென்று உண்ணும் உணவு குறையும், சிரிக்கக் கூசும், பிறரோடு அமர்ந்து உண்ணவும் தயக்கம் வரும்.

அவர் செய்யத்தக்கது இது. முதலில் காரையை நீக்கிக்கொள்ள வேண்டும். காலையிலும் இரவிலும் மென்மையான பிரஷால் ஈற்றின் ஓரம் வரை துலக்கி, பல்லிடுக்கைச் சிறு பிரஷால் நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் அளக்கச் சொல்ல வேண்டும். பத்து இடத்தில் அறுவை தேவை என்று தோன்றியது ஓரிரண்டு இடமாகக் குறையக்கூடும். ஆழம் மிகுந்து எஞ்சி நிற்கும் இடத்துக்குத் தேர்ந்த கையும் நீண்ட சான்றும் உள்ள கத்தியை அஞ்சாமல் ஏற்கலாம். உடல்நிலை காரணமாகவோ, அடக்க முடியாத அச்சம் காரணமாகவோ கத்தி இயலாதெனில், பயிற்சி பெற்றவரிடம், கட்டணம் தாங்குமாயின், கதிரை நாடலாம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைக் காண்பதை நிறுத்தலாகாது.

இன்றிரவு உங்கள் வீட்டில் அனைவரும் பல் துலக்கும்போது, துப்பும் நீரின் நிறத்தைச் சற்றே கவனித்துப் பாருங்கள். அதில் சிவப்பு தெரிந்தால், வலி வரும்வரை காத்திராமல் இவ்வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். அந்நிலையில் சென்றவருக்குக் கத்தியா, கதிரா என்னும் கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை.